நோட்டின் கடைசிப் பக்கச் சொற்கள்

எங்கள் விளையாட்டுக்குப் பெயர் கிடையாது. "நோட்டு வந்ததா?" என்றால் போதும், ஐந்து பேருக்கும் புரியும். இருநூறு பக்க நீள நோட்டு. முன்பக்கத்திலிருந்து கதை நடக்கும். கடைசிப் பதினாறு பக்கங்கள் சொற்களுக்கு. என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று யாரோ ஒருமுறை சொல்லப்போக, சொற்களை எழுதிவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பகல் முழுக்க டைப் அடித்து விரல் ஓய்ந்தவளிடம் இன்னும் எழுதச் சொல்கிறவர்களை என்ன செய்வது? எழுதினேன்.

எழுபதுகளில், திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகம். மூன்று மாடி, ஐந்து செக்‌ஷன், செக்‌ஷனுக்கு ஒருத்தியாகத் தமிழ் பேசும் பெண்கள் நாங்கள் ஐந்து பேர். சேர்ந்து உட்கார்ந்து பேச வாய்க்காது. அதனால் எழுதினோம். ஆளுக்கு ஓர் உலகம். அங்கே அவளே ராஜா, அவளே போலீஸ். மற்றவர்கள் அந்த உலகத்துக்குத் தங்கள் வேஷத்தை, அதாவது கதைக்குள் தங்களுக்காக நடமாடும் ஆளை, அனுப்பலாம். 'என் வேஷம் உன் ஊர்ச் சந்தைக்குள் போய் வழி கேட்கிறது' என்று நான் எழுதினால், சந்தைக்காரன் என்ன பதில் சொன்னான் என்று அந்த உலகத்துக்காரி எழுதுவாள். நோட்டு ஒருத்தியிடம் ஒரு நாள் இருக்கும். பியூன் ஃபைலோடு ஃபைலாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். மேலதிகாரிகள் எல்லோரும் மலையாளிகள், தமிழ் படிக்கத் தெரியாது, ஆகவே பயமும் இல்லை. எங்களில் ஒருத்திக்கே தமிழ் எழுத வராது. மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழை மலையாள எழுத்தில் எழுதித் தள்ளுவாள். அதைப் படித்து முடிப்பதற்குள் எனக்குக் கண் வலிக்கும்.

என் உலகத்தில் யாரும் சமைக்க வேண்டாம். இன்னொருத்தியின் உலகம் சொந்தக்காரர்கள் ஏறி வர முடியாத ஒரு மலை உச்சி. நாங்கள் எவ்வளவு அலுத்துப் போயிருந்தோம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கரமனையிலிருந்து வருகிறவள் எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷனில் இருந்தாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். கல்யாணம் ஆகவில்லை, அண்ணா மன்னியோடு இருந்தாள். அவளுடைய உலகம் ஓர் ஆற்றங்கரை ஊர். ஓர் உலகத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகிற இடத்துக்குக் 'கடவு' என்று பெயர் வைத்தது அவள்தான். ஆற்றில் படகு ஏறுகிற துறையை இங்கே அப்படித்தான் சொல்வோம். மற்ற நான்கு உலகங்களுக்கும் போகிற கடவுகள் அவள் ஊரில்தான் இருந்தன. அதாவது, யார் எங்கே போவதானாலும் அவள் கரையில் இறங்கித்தான் போக வேண்டும். எங்களுக்கு அது வசதியாக இருந்தது, அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மற்ற சொற்களெல்லாம் அலுவலகத்திலிருந்து எடுத்தவை. வேறு எந்தச் சொல் எங்களுக்குத் தெரியும்? ஓர் உலகத்தை நடத்துவது 'சார்ஜ்'. வேஷம் வேறு உலகத்தில் போய்க் குடியேறினால் 'டிரான்ஸ்பர்'. உலகத்துக்காரி வரவில்லையென்றால் 'லீவு'. லீவில் இருக்கும் உலகத்துக்குள் யாரும் நுழையக் கூடாது, ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது. புதுச் சொல் ஒன்றை எழுதினால் கீழே ஐந்து கட்டம் போட்டு, ஐந்து பேரும் இனிஷியல் வைக்க வேண்டும். அதுவரை அது செல்லாது. இந்தக் கெடுபிடியும் கரமனைக்காரி கொண்டுவந்ததுதான். விளையாட்டில்கூட அவளுக்கு எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். எனக்குச் சில நாள் எரிச்சலாக வரும்.

அவளுக்கு வயிற்று வலி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், ஆப்பரேஷன் என்றார்கள். ஒரு மாதம் லீவு போட்டாள், அது மூன்று மாதம் ஆயிற்று. நோட்டில் அவள் உலகத்தின் மேல் 'லீவு' என்று எழுதினேன். கடவுகள் மூடின.

மூன்றாவது மாதம் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் அவளுடைய அண்ணாவைப் பார்த்தேன். கையில் மருந்துப் பொட்டலத்தோடு நின்றிருந்தார்.

"வயித்தைத் தொறந்து பாத்துட்டு அப்படியே மூடிட்டா" என்றார். "ஒண்ணும் பண்றதுக்கில்லையாம். அவளுக்குத் தெரியாது கேட்டியா. அல்சர்னுதான் சொல்லியிருக்கோம். நீயும் ஒண்ணும் சொல்லிடாதே அம்மா."

சரி என்றேன். அந்தக் காலத்தில் யாரும் நோயாளியிடம் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் அன்பு என்று எல்லோரும் நினைத்தோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. மற்ற மூன்று பேருக்கும் மறுநாள் சொன்னேன்.

பிறகு இரண்டு வாரம் நோட்டு சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. வேஷங்கள் அங்கங்கே சிக்கிக் கிடந்தன. என் வேஷம் மலை உச்சியில் மாட்டிக்கொண்டு மூன்று மாதமாக ஒரே பாறைமேல் உட்கார்ந்திருந்தது. மூன்று பேரும் மாற்றி மாற்றி என்னிடம் வந்தார்கள். கடவுகளைத் திறக்க ஏதாவது ஒரு சொல் வேண்டும். நோட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமே என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டில் மாமியார், அலுவலகத்தில் டைப்ரைட்டர், இரண்டுக்கும் நடுவில் அந்த நோட்டு ஒன்றுதான் எனக்கு இருந்தது. ஒரு மத்தியானம் எழுதினேன்.

'காலி: லீவு முடிந்தும் சார்ஜ் எடுக்க ஆள் வராத உலகம். இதன் கடவுகளை மற்றவர்கள் திறந்துகொள்ளலாம்.'

ஒருத்தி உயிரோடு இருக்கும்போதே அவள் வீட்டுக் கதவைக் கழற்றுகிற மாதிரி இருந்தது. இருந்தும் எழுதினேன். கீழே கைப்பழக்கத்தில் ஐந்து கட்டம் போட்டுவிட்டேன். நான்கு போட்டிருக்க வேண்டும். நான்கு கட்டத்தில் நான்கு இனிஷியல் விழுந்தது. வெள்ளிக்கிழமை, கடைசியாக இனிஷியல் வைத்தவள் நோட்டைப் பியூனிடம் கொடுத்தாள். எனக்கு வந்து சேரவில்லை.

திங்கட்கிழமை பியூனிடம் கேட்டேன். நல்ல மனிதர், முப்பது வருஷ சர்வீஸ். தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு காகிதத்தில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று தூக்கத்தில்கூடச் சொல்வார்.

"ஒரு இனிஷியல் குறவாயிருந்நு" என்றார். "கரமனயில் ஆ சாரின்றே வீட்டில் ஞான் கொண்டு கொடுத்து. எந்தாயாலும் அது வழியல்லே போகுந்நது."

அலுவலகத்துப் பெண்களையும் அவர் 'சார்' என்றுதான் சொல்வார்; ஓர் இனிஷியல் குறைகிறதே என்று, தான் போகிற வழிதானே என்று, கரமனைக்காரி வீட்டிலேயே நோட்டைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எங்களுக்கு ஒரு நல்லது செய்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது. அவரை என்ன சொல்ல முடியும்? மற்றவர்களிடம் சொன்னேன். ஒருத்தி என்னைத் திட்டினாள், ஒருத்தி அழுதாள். கரமனைக்குப் போய்ப் பார்க்கும் தைரியம் நாலு பேரில் யாருக்கும் வரவில்லை. ஒன்பது நாள் அப்படியே போயிற்று.

பத்தாவது நாள் பியூன் நோட்டைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

நான் எழுதிய வரியின்மேல், கரமனைக்காரி ஸ்கேல் வைத்து, ஒரே கோடாக அடித்திருந்தாள். அதன் கீழே அவளுடைய சின்ன எழுத்தில் திருத்தம் இருந்தது.

'காலி: ஆள் இனி வரமாட்டாள் என்று மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிட்ட உலகம்.'

அதற்குக் கீழே புதிதாக ஐந்து கட்டம். முதல் கட்டத்தில் அவள் இனிஷியல். மற்ற நாலும் வெறுமனே இருந்தன.

அன்று மத்தியானம் நாலு பேரும் ரிக்கார்டு ரூமில் நின்றுகொண்டு பேசினோம். இனிஷியல் வைத்தால் ஆமாம் என்று அவளிடம் சொன்னதாகிவிடும். அவளுடைய அண்ணாவுக்கு நான் கொடுத்த வாக்கு என்ன ஆவது? "தெரியாம எழுதிட்டோம்னு சொல்லிடலாம்" என்றாள் ஒருத்தி. "அவ நம்பற மாதிரி ஏதாவது சொல்லு. நீதானே எழுதறவ." அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. நோட்டை அலமாரியின்மேல் வைத்து, இரண்டாவது கட்டத்தில் என் இனிஷியலை வைத்தேன். ஒருவர் பின் ஒருவராக மற்ற மூன்று பேரும் வைத்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்துக்கொண்டு போனேன். மன்னி காப்பி கொடுத்துவிட்டு, "அல்சருக்கு மருந்து மாத்தியிருக்கா, இனிமே தேவலையாயிடும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கட்டிலில் இருந்தவள் பாதியாக இளைத்திருந்தாள். நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். விரலால் எண்ணினாள் என்றே நினைக்கிறேன்.

"நாலு பேரும் வெச்சுட்டேளா" என்றாள்.

"வெச்சுட்டோம்."

"அண்ணாகிட்ட கேட்டேன், டாக்டர்கிட்ட கேட்டேன். அல்சர், அல்சர்னு அதையே சொல்லிண்டிருந்தா. பாவம், சொல்லிச் சொல்லி அவாளுக்கும் அலுத்துப்போயிருக்கும்."

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவேயில்லை. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, என் கையைப் பிடித்தாள்.

"எனக்கு ரொம்ப பயமா இருக்கு" என்றாள். "மூணு மாசமா இருக்கு. ஒருத்தர்கிட்ட சொல்லணும்னா, மொதல்ல அவா தெரியும்னு ஒத்துக்கணுமே."