சவ்வைத் தாண்டாத வரை

எங்கள் மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவியவரை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிட்டோம். குரல் அப்படி. கவிழ்த்த பெட்டிமேல் ஏறி நின்றால், லாரிகள் ஹாரன் அடிக்கிற சத்தத்திலும் கடைசிக் கடைவரை விலை கேட்கும். வாடிய முட்டைக்கோஸைக் கூடப் பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுவது போல வர்ணித்துத் தள்ளிவிடுவார். நடுவில் இறங்கி ஒரு சிகரெட், மறுபடி ஏற்றம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான் பழக்கம்.

குரல் கம்மியபோது உப்பு நீரில் கொப்பளித்தார். கரகரப்பு போகவில்லை. மாதங்கள் ஓடின. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஒருநாள் போன் செய்தாள். இவர்தான் எடுத்துப் பேசினார்.

"ஹலோ, யாருங்க பேசறது? அப்பாகிட்ட குடுங்க."

அவர் போனை மனைவியிடம் நீட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். மறுநாள் யாரும் சொல்லாமலே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்த டாக்டரம்மா, குரல்நாணில் வெள்ளையாக ஒரு திட்டு இருப்பதாகச் சொன்னார். அதில் கொஞ்சம் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று மனைவியும் கூடப் போனாள்.

"சாதாரணக் கட்டியா, புத்துக் கட்டியா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க டாக்டரம்மா" என்றார் அவர்.

"ஒரே வார்த்தையில சொல்ல முடியாதுங்க. சாதாரணக் கட்டி தன் எல்லைக்குள்ளயே வளரும். பக்கத்துல இருக்கிற திசுக்குள்ள புகாது. புத்து அப்படியில்ல. புகுந்து போகும், ரத்தத்துலயும் நிணநீர்லயும் கலந்து வேற உறுப்புல போய்க் குடியேறும். உங்க குரல்நாணோட மேல்தோல் செல் முழுக்கப் புத்து செல்லாவே மாறிடுச்சு. எப்ப நிறுத்தணும்னு தெரியாம பெருகிட்டே இருக்கு. ஆனா அதுக்கு அடியில ஒரு மெல்லிய சவ்வு இருக்கு. அதை இன்னும் தாண்டல."

"தாண்டலையா?"

"இன்னும் தாண்டல. இப்பவே லேசர்ல எடுத்துடலாம். ஒரு மாசம் பேசக்கூடாது. சிகரெட்டை இன்னைக்கே விடணும்."

வாசலில் மனைவியின் தம்பி லாரியோடு காத்திருந்தான். "என்ன சொன்னாங்க மச்சான்?"

"புத்து இல்லையாம்டா!"

"இல்லன்னு எங்க சொன்னாங்க? இன்னும் தாண்டலன்னுதானே சொன்னாங்க" என்றாள் மனைவி.

"ரெண்டும் ஒண்ணுதான் போ. சீசன் உச்சத்துல ஒரு மாசம் வாயை மூடிட்டு உக்காந்தா, பெட்டிமேல இன்னொருத்தன் ஏறிடுவான். சீசன் முடியட்டும், போவோம்."

சீசன் முடிந்தது, அடுத்தது தொடங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழைப்புகளை அவர் எடுக்கவில்லை. மனைவி கேட்டால் எரிந்து விழுவார். பிறகு அவளும் கேட்பதை விட்டாள். அவர் தூங்கும்போது மூச்சில் ஒரு விசில் சத்தம் வந்தது. அதை விழித்துக் கிடந்து கேட்பவள் அவள் மட்டும்தான். சவரம் செய்யும்போது கழுத்தின் இடப்பக்கம் நெல்லிக்காய் அளவில் ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது. வலிக்கவே இல்லை. வலிக்காததால் அதையும் அவர் நல்லதாகவே எடுத்துக்கொண்டார்.

பெட்டிமேல் நின்றபடி ஒரு காலையில் மூச்சுத் திணறி அவர் சரிந்தபோது, கூட்டம் அது வேடிக்கைக்கென்று நினைத்துச் சிரித்தது. மனைவியின் தம்பிதான் ஓடிவந்து தூக்கினான்.

அதே டாக்டரம்மா. இந்தமுறை அந்தம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது. "தாண்டிடுச்சுங்க. கழுத்துல இருக்கிறது நிணநீர்க் கணு. அங்கயும் வந்திருக்கு. குரல்வளையை முழுசா எடுக்கணும்."

"எடுத்தா பேச்சு?"

"பழைய குரல் வராதுங்க."

ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு. கதிர்வீச்சும் கொடுத்தார்கள். யாராவது சிகரெட் பற்றவைத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். உதட்டசைவை மனைவி படிக்கப் பழகினாள். பாலர் பள்ளி ஆயா அவள். மழலை புரிந்தவளுக்கு இது புரியாதா என்று அவள் தம்பி கேலி செய்தபோது, இவர் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார்.

வழக்கமான பரிசோதனையில் நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்தது. ஊசி விட்டு அதிலிருந்தும் சதை எடுத்தார்கள். இது தனியாகக் கிளம்பிய நுரையீரல் புற்றாக இருக்கலாம், பழைய தழும்பாகவும் இருக்கலாம் என்று டாக்டரம்மா முதலில் சொல்லியிருந்தார். முடிவு அப்படி வரவில்லை.

"இருக்கிற இடம் நுரையீரல். ஆனா செல் குரல்வளையோடது. அதனால இதுக்கும் பேரு குரல்வளைப் புத்துதான். வைத்தியமும் அதுக்குண்டானதுதான்."

அவர் உதடு அசைந்தது. மனைவி அதைப் படித்துவிட்டு டாக்டரம்மா பக்கம் திரும்பினாள்.

"தொண்டையைத்தான் வெட்டி எடுத்தாச்சே, அப்புறம் அது எங்கிருந்து வந்ததுன்னு கேக்கறாரு."

"எடுக்கறதுக்கு முன்னாடியே கிளம்பியிருக்கும்மா. அப்ப ஸ்கேன்ல தெரியற அளவுக்கு வளரல."

மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். நிழல் முதலில் சுருங்கியது, பிறகு இரண்டானது. வெண்கலம் அடுத்த மழைக்காலம் வரை இருந்தார். கடைசி வாரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்த மகளிடம் நிறையப் பேசினார். அவளுக்கு உதடு படிக்கத் தெரியாது. எல்லாவற்றுக்கும் "சரிப்பா, சரிப்பா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.