ஏலாக்குறிச்சி எஃப்சியின் கோல்கீப்பர்

மரிய ஆல்பர்ட்டுக்கு அரியலூருக்கு வெளியே ஒரு எடைமேடையில் வேலை. சுண்ணாம்புக்கல் லாரி மேடையில் ஏறி நிற்கும். அறைக்குள்ளிருந்தபடி எடை பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பார். அடுத்த லாரி வரும்வரை கையில் போன். போனில் ஒரு கால்பந்து விளையாட்டு. பந்தை உதைக்கிற விளையாட்டு இல்லை. சொந்தமாக ஒரு கிளப் தொடங்கி, ஆட்களைச் சேர்த்து, யார் எங்கே நிற்பது என்று முடிவு செய்ய வேண்டும். எங்கெங்கோ இருக்கிறவர்களின் கிளப்புகளோடு வாரம் இரண்டு மேட்ச். ஆட்டம் படமாகத் தெரியாது, வரிவரியாக எழுத்தில் ஓடும். அவருடைய கிளப்பின் பெயர் ஏலாக்குறிச்சி எஃப்சி.

அதைத் தொடங்கியது மகன் ஜெரோம் இறந்த மூன்றாம் மாதம். ஒன்பது வயது. கோயில் மைதானத்தில் பெரிய பையன்கள் ஆடும்போது இவன்தான் கோலில் நிற்பான். காய்ச்சல் என்று படுத்தவன் ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். அதன் பிறகு ஆல்பர்ட்டும் மனைவி ஆரோக்கிய செல்வியும் வீட்டில் அவன் பெயரை எடுக்கவே இல்லை.

கிளப்புக்குப் பதினேழு வயதுப் பையன்களைக் கம்ப்யூட்டரே அனுப்பும், வாயில் நுழையாத பெயர்களோடு. சீசனுக்கு ஒருவனுக்குப் பெயர் மாற்றலாம். முதலில் வந்த கோல்கீப்பருக்கு ஜெரோம் என்று பெயர் வைத்தார். பத்து வாரம் ஒரு சீசன். அது முடிந்தால் எல்லோருக்கும் ஒரு வயது கூடும்.

இரண்டு வருடம் செல்விக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது, கட்டிலில் கிடந்த போனில் அவள் கண் பட்டது. ‘ஜெரோம் காயம். மூன்று வாரம் ஆட முடியாது.’

“என்னங்க இது?”

அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

“செத்த புள்ள பேர வச்சி வெளையாடுறீங்களா? எப்படிங்க மனசு வந்திச்சி?”

பத்து நாள் பேச்சு இல்லை. பதினோராம் நாள் சோறு போடும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டாள். “கால் சரியாயிட்டுதா?”

“தோள்பட்டைல அடி. இன்னும் ஒன்றரை வாரம் ஆவும்.”

“இப்ப வயசென்ன?”

“இருவத்தேழு.”

“இருவத்தேழா?” என்றாள். குழம்பை ஊற்றிவிட்டு, “கல்யாணம் பண்ணி வச்சிருப்போம்” என்றாள்.

அப்புறம் மேட்ச் நாட்களில் அவளே போன் செய்தாள். தோற்றால், “அவன் மேல தப்பில்லையே?” என்பாள். அவனுக்கு முப்பது ஆனது, முப்பத்திரண்டு ஆனது. முப்பத்தைந்தில், இந்த சீசனோடு ஜெரோம் ஓய்வு பெறுகிறான் என்று தகவல் வந்தது.

“இன்னும் ஒரு வருசம் நிறுத்தி வைக்க முடியாதா?”

“நம்ம கையில இல்ல செல்வி. கம்ப்யூட்டரே எடுத்துடும்.”

“மறுபடியுமா?” என்றாள்.

கடைசி மேட்ச் ஒரு புதன்கிழமை மத்தியானம். அவள் பஸ் ஏறி எடைமேடைக்கே வந்துவிட்டாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அறுபத்தோராம் நிமிடம் எதிரணி ஒரு கோல் போட்டது. எழுபத்தெட்டில், ‘ஜெரோம் பாய்ந்து தடுத்தார்’ என்று வந்தது. அதை மறுபடி மறுபடி வாசித்தாள். ஆட்டம் தோல்வியில் முடிந்தது. கிளப்பின் ஆட்டக்காரர் பட்டியலைத் திறந்தால் அந்தப் பெயர் இல்லை.

வெளியே லாரி ஹாரன் அடித்தது. ஆல்பர்ட் சீட்டை அடித்துக் கொடுத்தார். டிரைவர் செல்லமுத்து ஜன்னலுக்குத் திரும்பி வந்தார். “சார், வேற வண்டி நம்பர் போட்டிருக்கீங்க.”

திருத்திக் கொடுத்துவிட்டு, மேனேஜரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

பஸ்ஸில் செல்வி கேட்டாள். “அடுத்து வர்ற பையனுக்கும் அவன் பேர வைப்பீங்களா?”

“வைக்கலாமா?”

“வேணாங்க. இன்னொரு தடவ என்னால ஆவாது.”

ஆல்பர்ட் முன் சீட்டுக் கம்பியில் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதார். டிக்கெட் கேட்க வந்த கண்டக்டர் அவர்களைத் தாண்டிப் போனார். செல்வி அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். இறங்க வேண்டிய இடம் போனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அடுத்த ஊரில் இறங்கி வெயிலில் நடந்தே திரும்பினார்கள். வழியெல்லாம் அவள் மகனைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள்.