ஒரே சத்தம்

பெடலில் கால் வைக்குமுன் பிரஸ்காரர் குனிந்து பார்க்கிறார். நிமிர்ந்து, மறுபடியும் குனிகிறார். எதிரே நிற்கும் நம் மொழிக்காரப் பெண் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டியும் அவர் கால் இறங்குவதில்லை. “இன்னொரு வாட்டி காட்டும்மா.” “தோளே கழண்டுடும் போல இருக்கு மாமா!” என்று சிணுங்கிக்கொண்டே அவள் மறுபடியும் தூக்குகிறாள்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்க்கும் சலவைக்கூடம் எங்களுடையது. நான் மூட்டை கட்டுகிறவன்; அவர் ஆவி பிரஸ்ஸின் பெடலை மிதித்துச் சூட்டுத் தகட்டை இறக்குகிறவர். பிரஸ்காரர் என்றதும் பத்திரிகைக்காரர் என்று நினைப்பவர்களிடம், “ஆமா, தினமும் ஒரு எழுத்துகூட இல்லாமத்தான் அச்சடிக்கிறேன்” என்பார். அதெல்லாம் முன்பு.

பல நாட்டு ஆட்கள் வேலை செய்யும் இடம். இயந்திரத்தின் மறுபக்கத்தில் வருஷக்கணக்காக நின்றவள் ஊர் திரும்பிவிட்டாள். “கிளியரா?” என்று இவர் கேட்பார், “நே” என்பாள். அவள் மொழியில் அதற்கு ‘ஆமாம்’ என்று அர்த்தம். அவள் இடத்துக்கு வேறு நாட்டுக்காரி ஒருத்தி வந்தாள். சின்ன வயது, சுறுசுறுப்பான கை. முதல் நாள் காலை முழுக்க வெறுமனே தலையாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, ஒரு சுருக்கத்தைப் பார்த்து மறுபடி உள்ளே கைவிட்ட நேரம், ஆவி அவள் முகத்தை மறைத்திருந்தது.

“கிளியரா?”

“நே! நே!”

அவள் மொழியில் அது ‘இல்லை’. அவசரப்படுத்துகிறாள் என்று நினைத்து இவர் ஓங்கி மிதித்தார்.

இயந்திரம் பழசு, யார்மீதும் தப்பில்லை என்று விசாரணையை முடித்துவிட்டார்கள்.

“அவங்களே சொல்லிட்டாங்களே, ரெண்டு வாய் சாப்பிடுங்க” என்றாள் அவர் மனைவி. 

“என்னைத் திட்டக்கூட ஆளில்லாம பண்ணிட்டாங்களேடி.”

இப்போதெல்லாம் மனைவி “ம்” என்றால்கூட அவருக்குப் போதவில்லை. “ம்னா என்ன? வேணுமா, வேண்டாமா? வாயத் தொறந்து சொல்லு” என்று பிடித்துக்கொள்கிறார். சொன்னாலும் நம்புவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, அடிபட்ட அந்தப் பெண்ணைப் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மாடிப்படியில், “என்னண்ணே பேசப்போறீங்க?” என்று கேட்டேன்.

“பேச்சா? இன்னும் பேச்சா?” என்றார்.

ஒற்றை அறை. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்; புருஷன் பின்னால் நின்று அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தான். பழக்கமில்லாத கை, பின்னல் கோணிக்கொண்டு போனது. எங்களைக் கண்டதும் நிறுத்தினான், பிறகு தொடர்ந்தான். பிரஸ்காரர் அந்தப் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கி வந்த பழங்களை மேசைமேல் வைக்கவும் மறந்து மடியிலேயே வைத்திருந்தார். எங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை.

கிளம்பும்போது அவள் எழுந்து வாசல்வரை வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கட்டை விரல் மட்டும் மிஞ்சிய வலது கையை விடைகொடுக்க நீட்டினாள்.

பிரஸ்காரர் தன் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டார்.