பாம்பன் பாலத்தில் வியர்த்த கண்ணாடி

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் காரிலேயே ஏ.சி. இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், ராமநாதபுரத்தில், ஒரு டீச்சருக்கு அது கொஞ்சம் அதிகம்தான். வளைகுடாவில் வேலை பார்த்த என் கணவர் லீவில் வந்தபோது, இரண்டு கை மாறிய அந்தச் சின்ன வெள்ளைக் காரை வாங்கி நிறுத்திவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நான் ஒரு மாதம் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் எடுத்தேன். பள்ளிக்கூடம், மார்க்கெட், அவ்வளவுதான் என் ஓட்டம். கதவைச் சாத்தி ஏ.சி.யைப் போட்டதும் வெயிலும் புழுதியும் வேறு யாருக்கோ என்று ஆகிவிடும். சிக்னலே இல்லாத ஊரில் எதற்காகவாவது நின்று, அந்தக் குளிரில் இன்னும் இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருக்க ஆசைப்பட்ட காலம் அது.

அந்த வருஷம் புரட்டாசி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள். முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். அய்யாவும் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அவருடைய தம்பியும், அதாவது என் சின்னய்யாவும், ஆறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒரு வறட்சியில் கண்மாய் மடையைத் திறந்து யார் முறை தப்பித் தண்ணீர் பாய்ச்சியது என்று வந்த சண்டை. எதிரெதிர் வீடு. ஒருவர் வாசலுக்கு வந்தால் மற்றவர் உள்ளே போய்விடுவார். தங்கள் தகப்பனாருக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போவதும் தனித்தனியாகத்தான்.

"நீ வண்டியோட வந்து ரெண்டு பேரையும் ஏத்திட்டுப் போ. உங்கிட்ட மாட்டேன்னு சொல்ல மாட்டாக" என்றாள் அம்மா.

முந்தின நாளே ஊருக்குப் போய்த் தங்கி, அமாவாசையன்று விடியும் முன்பே அய்யாவை முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டு, எதிர்வீட்டு வாசலில் போய் ஹார்ன் அடித்தேன். சின்னய்யா ஈரத் தலையோடு வந்தார். முன்சீட்டில் யாரென்று பார்த்ததும் நின்றுவிட்டார். நான் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன்.

"ஏறுங்க சின்னய்யா. ராமேஸ்வரந்தானே போறீக?"

"புள்ள கூப்பிடுதேன்னு வாரேன்" என்று தெருவுக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் ஏறிக்கொண்டார்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. பொழுது விடியும்போதே புழுக்கம். ஏ.சி.யை முழுசாகத் திருகி வைத்திருந்தேன். ராமநாதபுரம் தாண்டியும் காருக்குள் ஒரு வார்த்தை இல்லை.

"குளுருதாய்யா? கொறைக்கவா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன குளுரு? பின்னாடி இருக்கவுகளுக்கு வேணும்னா கொறைச்சுக்க."

பின்னாலிருந்து உடனே பதில் வந்தது. "எனக்கு ஒண்ணுமில்ல ஆத்தா. முன்னாடி இருக்கவுகளுக்குத்தான் வயசாச்சு."

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தேன். சின்னய்யா துண்டைக் காதை மூடித் தலையில் கட்டியிருந்தார். அய்யா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் சொருகியிருந்தார். யார் முதலில் குளிர்கிறது என்று சொல்வது என்கிற போட்டி. சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் அப்படியே ஓட்டினேன். குளிர்காற்று முகத்தில் அடிக்க வேண்டாம் என்று அதை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டதுதான் நான் செய்த ஒரே உபகாரம்.

மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறியபோது காற்றே இல்லை. கடல் இரண்டு பக்கமும் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. பாலத்தின் ஏற்றத்தில் முன்கண்ணாடியின் கீழ் ஓரம் வெளுத்தது. மூச்சு ஊதியதுபோல இருந்த அந்த வெளுப்பு மேலே ஏறி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி முழுவதையும் மூடிவிட்டது. துணியை எடுத்து உள்பக்கம் துடைத்தேன். துணி காய்ந்தே இருந்தது, வெளுப்பும் போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தேன். எதிரே வரும் பஸ்ஸின் ஹார்ன் மட்டும் கேட்டது, பஸ் தெரியவில்லை.

"அய்யா, எனக்கு ஒண்ணுமே தெரியலைய்யா" என்றேன். குரல் அழுகையாகத்தான் வந்தது.

"சன்னலத் தொற" என்றார் அய்யா. எல்லோரும் திறந்தோம். வெளியிலிருந்த புழுக்கம் உள்ளே வந்ததும், சில்லிட்டிருந்த கண்ணாடியில் உள்பக்கமும் நீர் பூத்துவிட்டது. நிறுத்தவும் பயம். பின்னால் வரும் வேன் விடாமல் ஹார்ன் அடித்தது.

அய்யா இடதுபக்கம் தலையை வெளியே நீட்டினார். சின்னய்யா எனக்குப் பின்னால் வலதுபக்கம் நீட்டினார்.

"பைய உருட்டு ஆத்தா. பஸ்ஸு வருது, இடப்பக்கம் ஒடி" என்றார் சின்னய்யா.

"ஒடிக்காத, ஒடிக்காத! இங்கன கைப்பிடிச் சுவரு!"

"அங்கன எம்புட்டு எடம் இருக்கு?"

"ஒரு முழம் இருக்கும்."

"அரை முழம் போகட்டும்ணே, பஸ்ஸு ஒரசிட்டுப் போகும்போல!"

"ஏலே, தலைய உள்ள இழுடா மொதல்ல!"

பஸ் காற்றோடு கடந்து போனது. எனக்கு ஸ்டியரிங்கில் கை வழுக்கியது. ஆனாலும் அந்த 'அண்ணே' என் காதில் விழுந்தது. அய்யா காதிலும் விழுந்திருக்க வேண்டும். அதன்பிறகு அவர்கள் என்னிடம் பேசவேயில்லை. "உன் பக்கம் எப்படி?" "சும்மா இருக்கு, வரச் சொல்லு." "ஒரு சைக்கிள் போகுது, நிக்கச் சொல்லு." நடக்கிற வேகத்தில் மீதிப் பாலத்தையும் அப்படியே கடந்தோம்.

இறங்கியதும் ஓரமாக நிறுத்தினேன். பின்னால் வந்த வேன்காரர் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தார். கோடு வழியாகச் சாலை தெரிந்தது.

"வெளியில வேர்த்திருக்கும்மா. ஐஸ்தண்ணி டம்ளருக்கு வேர்க்கும்ல, அது மாதிரி. வைப்பரப் போடுங்க, ஏ.சி.யக் கொறைங்க."

மழையே இல்லாதபோது வைப்பரைப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. போட்டேன். இரண்டே வீச்சில் வெளிப்பக்கம் துலங்கியது. உள்பக்கத்தைச் சின்னய்யா தலைத்துண்டை அவிழ்த்துத் துடைத்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுக்கிறவள் நான். நீராவி குளிர்ந்து நீராகும் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிப்போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"ஏ.சி.ய அமத்திரு ஆத்தா. எலும்பெல்லாம் வெறச்சுப்போச்சு" என்றார் அய்யா.

"எனக்கு உச்சிப்புளி தாண்டுறப்பவே வெறச்சுருச்சு" என்றார் சின்னய்யா. மூன்று பேரும் சிரித்தோம். அய்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்னி தீர்த்தத்தில் இருவரும் சேர்ந்தே முங்கினார்கள். ஒரே ஐயர் முன்னால் ஈர வேட்டியோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "தகப்பனார் பேர் சொல்லுங்கோ" என்று ஐயர் கேட்டதும் இரண்டு குரலும் ஒன்றாக வந்தது. நான் கரையில் செருப்புகளுக்குக் காவலாக நின்று அழுதேன்.

திரும்பும்போது இருவரும் பின்சீட்டில். மடைச் சண்டையும் திரும்ப வந்தது. யார் முறை தப்பியது என்பதில் இருவரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் நேருக்கு நேர் பேசிச் சண்டை போட்டார்கள். ஊர் வந்தபோது சின்னய்யா தன் வீட்டுக்குப் போகாமல் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அம்மா இரண்டு பேருக்கும் இலையைப் போட்டாள்.

அடுத்த புரட்டாசிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே வண்டியை சர்வீஸுக்கு விட்டு, வைப்பருக்குப் புது ரப்பர் மாட்டி, ஊருக்குப் போன் செய்தேன்.

"வேணாம் ஆத்தா, நீ செரமப்படாத. நானும் தம்பியும் பஸ்ஸுலயே போய்க்கிறோம்" என்றார் அய்யா.

சந்தோஷம்தான். கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.