ஆரியசாலையில் ஒரு சேலைத் தொட்டில்

மியூசியம் என்றாலே எனக்குக் கால்வலிதான் நினைவுக்கு வரும். இருந்தும் போன சனிக்கிழமை நாகர்கோவிலில் காலை ரயில் ஏறினேன். திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியைச் சிறு அருங்காட்சியகமாக மாற்றி, அங்கே பிழைக்கும் தமிழர்களும் மலையாளிகளும் கொடுத்த வீட்டுப் பொருள்களை வைத்திருப்பதாக நண்பர் சொல்லியிருந்தார்.

எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ரயில் நிலையம் இருக்கும் தம்பானூரில் ஆட்டோ பிடித்தேன். "அவிடெ எந்தாணு காணான், பாக்க என்ன இருக்கு அண்ணாச்சி? எல்லாம் நம்ம வீட்டுச் சாமான்தானே" என்று டிரைவர் சிரித்தார். நாற்பது ரூபாய். பதினைந்து நிமிடத்தில் நடந்தே போயிருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

உள்ளே ஒரே சத்தம். உத்தரத்தில் ஒரு நீலச் சேலைத் தொட்டில் தொங்கியது. பக்கத்தில் 'ஆட்டிப் பாருங்கள்' என்று இரண்டு மொழியிலும் பலகை. சேலையைக் கொடுத்தவர் செல்வி, வள்ளியூரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். அதை அவிழ்த்துத் தரச் சொல்லி நின்றுகொண்டிருந்தார்.

"வெறுந்தொட்டில ஆளாளுக்கு ஆட்டுதாவ. ஊர்ல எந்தங்கச்சிக்கு இது ஏழாம் மாசம். மொதப் பிள்ளையே தங்கல. எனக்கு நெஞ்சு பதறுது, மேடம்."

பொறுப்பாளர் அஞ்சு இளம் மலையாளிப் பெண். முகம் வெளிறிவிட்டது. "எங்க வீட்டிலயும் ஆட்டக்கூடாதுன்னு சொல்லும், சேச்சி. இங்க வந்தா அது தொட்டில் இல்ல, காட்சிப்பொருள்னு நினைச்சுபோயி. கண்ணாடிப் பெட்டியில வெக்கட்டே?"

"கண்ணாடிக்குள்ள பிள்ள தூங்குமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, செல்வியின் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பலகையை அஞ்சு உடனே கழற்றினார். செல்வியோ எதிரே இருந்த அம்மியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க ஊர்ல பிள்ளையக் கெடத்துததுக்கு முன்ன குழவிக்கல்லத்தான் கெடத்துவோம். அது கெடந்தா வெறுந்தொட்டில் இல்ல."

அந்த அம்மியைக் கொடுத்தது விதுரை ஊர்க்கார மலையாளி அம்மா ரமணி. அவரும் அன்று வந்திருந்தார். அம்மியையும் குழவியையும் பிரிக்க அவருக்கு மனமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இருந்தும் குழவியை இரண்டு கையாலும் தூக்கி வந்தார்.

"அப்போ இந்தா, பிடிச்சோ. தலை எந்தப் பக்கம் வெக்கணும்?"

இருவருமாகக் கிடத்தினார்கள். செல்வி மெல்ல ஆட்டினார். நாலு பேர் கூடி, தங்கள் வீட்டில் தொட்டில் கட்டுவது எப்படி என்று இரண்டு மொழியிலும் அடித்துப் பேச ஆரம்பித்தார்கள். அருங்காட்சியகம் இப்படி இருந்தால் எத்தனை மணி நேரமும் நிற்கலாம்.

போகிறவர்களுக்கு: பத்து மணிக்குத் திறக்கிறார்கள், திங்கள் விடுமுறை, கட்டணம் இல்லை. தாமதிக்காமல் போங்கள். பிரசவம் ஆனதும் சேலை தங்கச்சிக்கு வேண்டும் என்று செல்வி சொல்ல, அஞ்சு சம்மதித்துவிட்டார். நீங்கள் போகும்போது குழவி அம்மிக்குத் திரும்பி, தொட்டில் இல்லாமல் உத்தரம் வெறுமனே இருந்தால் ஏமாற வேண்டாம். வள்ளியூரில் பிள்ளை தூங்குகிறது என்று அர்த்தம்.