கொழும்புக்கு வந்த பொங்கல்படி

எங்கள் அண்ணன் விளாத்திகுளத்துக்குத் தெற்கே ஒரு கரிசல்காட்டு ஊரில் பிறந்தவர். அப்பா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது. படிப்பை விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்து, கொழும்புக்குத் தோணியில் சரக்கு அனுப்பும் ஓர் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அம்மாவையும் என்னையும் காப்பாற்றியது அந்த வேலைதான். எந்தச் சரக்கு இலங்கைக்குள் போகலாம், எது கூடாது என்று முன்கூட்டியே எழுதி விசாரிப்பது அவர் பொறுப்பு. அது உலக யுத்த காலம், இன்று போன சரக்கு நாளை போகாது. கருவாடோ வெங்காயமோ, எந்த வியாபாரி வந்து நின்றாலும் அண்ணன் முதலில் கேட்பது, "அண்ணாச்சி, அங்கன இறங்குமான்னு கேட்டாச்சா?" என்பதுதான்.

ஆபீசில் மட்டுமா? பக்கத்து வீட்டு முருங்கையில் கீரை பறித்து வந்தால்கூட, "ஏளா, கேட்டாச்சா?" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

யுத்தம் முடிந்ததும் என்னைக் கொழும்பில் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்து வந்தது தலைப்பொங்கல். பிறந்த வீட்டிலிருந்து பொங்கல்படி வர வேண்டும். பச்சரிசி, கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு, பொங்கப் பானை எல்லாம் அதில் உண்டு. எங்கள் தெருவில் ஊர்க்காரர்களே அதிகம். எவள் வீட்டுக்கு என்ன வந்தது என்று பார்க்காமல் விடுவார்களா? ஒன்றும் வராவிட்டால் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது? நாள் நெருங்க நெருங்க எனக்குச் சாப்பாடே செல்லவில்லை.

தூத்துக்குடியில் நடந்ததை அம்மா பிறகு சொன்னார். அம்மா எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட, அண்ணன் வழக்கம்போலக் கொழும்பு ஏஜெண்டுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். அரிசிக்கு லைசென்ஸ் வேண்டும், கரும்பு கூடாது, வேரும் மண்ணுமாக மஞ்சள் கூடாது, கிழங்கை அவித்துக் காயவைத்தால் போகலாம் என்று பதில் வந்திருக்கிறது.

"ஏலே, பொங்கல்படிக்குமா கேப்பாவ? தோணிக்காரன்ட்ட சொன்னா மூட்டைக்கு அடியில போட்டுக் கொண்டு போயிருவான்" என்று அம்மா அழுதாராம்.

"பிடிச்சான்னா மாப்பிள்ளையத்தாம்மா கூப்பிட்டு விசாரிப்பான். நானே போயிட்டு வாரேன்" என்றாராம் அண்ணன்.

பொங்கலுக்கு முந்தின நாள் மத்தியானம் எங்கள் கொழும்பு வீட்டு வாசலில் வந்து நின்றார். உப்புக்காற்றில் உதடெல்லாம் வெடித்திருந்தது. ஒரு கையில் பித்தளைப் பானை, அதற்குள் அவித்துக் காயவைத்த கிழங்கு. தோளில் கரும்பும் மஞ்சள்குலையும்! இரண்டும் தோணியை விட்டு இறங்கிப் புறக்கோட்டைச் சந்தையில் வாங்கியவை. அத்தோடு விட்டாரா? அந்தப் பதில் கடிதத்தை எடுத்து, எது கூடும், எது கூடாது, அரிசி ஏன் வரவில்லை என்று மாமியாருக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினார். எனக்கு மானம் போயிற்று. மாமியாருக்கோ சிரிப்பு அடக்க முடியவில்லை.

"கடல் தாண்டி அண்ணனே வந்துட்டாவ. இதுக்கு மேல என்ன படி வேணும்?" என்றார். நான் அடுப்படிக்குள் போய் அழுது தீர்த்தேன்.

நாங்கள் ஊர் திரும்பி, தூத்துக்குடி மில்லர்புரத்தில் குடியேறிய பிறகும், ஒரு தை தவறாமல் அண்ணன் படி கொண்டுவந்தார். தன் பிள்ளைகளையும் என் பிள்ளைகளையும் ஒன்றுபோலவே நடத்தினார். யாரிடமும் கடுஞ்சொல் சொல்லி நான் கேட்டதில்லை.

போன பொங்கலுக்கு அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தார். கஞ்சி தவிர எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. கிழங்கு அவித்துக் கொண்டுபோய், நாரெடுத்து, நகத்தளவு கிள்ளி நசுக்கி அவர் உதட்டருகே கொண்டுபோனேன். அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"ஏளா, கேட்டாச்சா?"

"கேட்டுட்டேன் அண்ணே."

உடனே வாயைத் திறந்தார். அதற்குப் பிறகு நான்கு நாள்தான் இருந்தார்.

இரவும் பகலும் பக்கத்திலேயே இருந்த அண்ணிக்கும், பிள்ளைகளுக்கும், வந்து தோள் கொடுத்த உறவினர்களுக்கும், அண்ணனோடு வேலை பார்த்த நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. அன்றைக்கு நான் யாரையும் கேட்கவில்லை. அது தெரிந்தும், கதவருகில் நின்றபடி முகத்தைத் திருப்பிக்கொண்ட நர்ஸம்மாவுக்கு இந்தத் தங்கையின் நன்றி.