சென்சாரைக் கழற்றிய மெழுகுவர்த்தி

எங்கள் பங்குக் கோயிலில் அந்த ஆண்டு புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கிய பிள்ளைகளில், முதல் நாள் கார் ரிப்பேர் செய்துவிட்டுப் போய் வாங்கியவள் நான் ஒருத்திதான். இதையெல்லாம் மறைத்து வைக்கிற சுபாவம் எனக்கு அப்போதும் இல்லை. ஞானோபதேச வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளிடம் சொல்லி, அவர்கள் கேட்டுச் சலித்த பிறகு அடுத்த வரிசைக்கும் போய்ச் சொன்னேன்.

அப்பா லாஸ்பேட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. குமாஸ்தாவுக்குக் கார் எதற்கு என்று கேட்ட சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரு சுற்று ஏற்றிக் காட்டிய செகண்ட் ஹேண்ட் கார் எங்கள் கார். அந்த மழைக்காலத்தில் அதற்கு என்ன வந்ததோ, லாரி மாதிரி உறும ஆரம்பித்தது. இஞ்சினிலிருந்து வரும் புகையை வாங்கிப் பின்னால் அனுப்புகிற மேனிஃபோல்டு என்ற இரும்புக் குழாய் விரிசல் விட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமதமாகப் போய் இறங்கினோம். அப்பா இஞ்சினை அணைக்கும்வரை சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அன்றிலிருந்து அப்பா காரைக் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளியே நிறுத்தினார்.

புதுநன்மை அன்றைக்கும் இரண்டு தெரு நடப்பதா? புதிதாகத் தைத்த வெள்ளை கவுன், தலையில் வெள்ளை நெட், கையில் பிரான்சிலிருந்து பெரியம்மா கொடுத்தனுப்பிய மெழுகுவர்த்தி. மற்ற பிள்ளைகளுடையது கடைத்தெருவில் வாங்கிய ஒல்லி மெழுகுவர்த்தி. என்னுடையது என் மணிக்கட்டுப் பருமன், திராட்சைக் குலையும் கிண்ணமும் தங்க நிறத்தில் பதித்தது, அதற்கும் மேல், விமானத்தில் வந்தது. அதன் பெட்டியைத் திறந்து பார்க்கலாம், தொடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். இத்தனையோடும் நான் கோயில் வாசலிலேயே காரைவிட்டு இறங்க வேண்டும், அதுவும் சத்தம் போடாத காரிலிருந்து. இல்லாவிட்டால் வரவே மாட்டேன் என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.

"நான் மாத்திக் குடுக்குறேன்" என்று மாமா முன்வந்தது அப்போதுதான்.

மாமா அம்மாவின் தம்பி. அதுவரை மீன்பிடிப் படகுகளின் டீசல் இஞ்சின்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மூலக்குளத்தில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, கார் வேலையும் செய்யப்படும் என்று பலகை மாட்டியிருந்தார். பலகை மாட்டியதோடு சரி, கார் ஒன்றும் வந்தபாடில்லை. இந்த வேலை சரியாக வந்தால் அலுவலகத்தில் கார் வைத்திருப்பவர்களிடம் சொல்லி அனுப்புகிறேன் என்று அப்பா சொல்லியிருந்தார். வராவிட்டால் என்ன சொல்வார் என்பதை அவர் சொல்லத் தேவையே இல்லை.

"அரை நாள் வேல மாமா. சாயங்காலம் ஸ்டார்ட் பண்றேன், வண்டி ஓடுதான்னு நீங்களே கேப்பீங்க பாருங்க" என்று அப்பாவிடம் மார்தட்டினார் மாமா.

சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலிலேயே வேலை தொடங்கியது. நட்டுகள் முரண்டு பிடித்தாலும் கழன்றுவிட்டன. விரிசல் விட்ட குழாய் வெளியே வந்தது. அதற்குப் பதிலாக, பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்த நல்ல குழாய் ஒன்று தயாராக இருந்தது. வம்பு பண்ணியது கட்டைவிரல் அளவுச் சாமான் ஒன்று. ஆக்சிஜன் சென்சார் என்று பெயர். புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் கூடவா குறைச்சலா என்று சொல்வது அதன் வேலை. அதைப் பழைய குழாயிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டினால்தான் வேலை முடியும். அதுவோ மரையெல்லாம் துருவேறி இறுகிப்போய் இம்மியும் அசையவில்லை. வேறு வாங்கலாம் என்றால் சென்னையிலிருந்து வர வேண்டும். விடிந்தால் பூசை.

மாமா எண்ணெய் விட்டுப் பார்த்தார். சுத்தியலால் தட்டினார். ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறியே நின்றார். ஸ்பேனர் நழுவி விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. வெயில் தாழ்ந்துவிட்டது. அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலுக்கும் கேட்டுக்குமாக நடந்தார்.

"இன்னா மாப்ள, கரைக்கு வருவியா, கடல்லயே இருந்துடுவியா?"

மாமா ஸ்பேனரைக் கீழே வைத்தார். வாய் ஓயாத மனிதர் தலையைக் குனிந்துகொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. கவுனையும் காரையும் மறந்து, மாமாவுக்காக அழுகை வந்தது. காலையில் ஆட்டோவுக்குச் சொல்லிவிடலாமா என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"கொஞ்சம் பொறுக்கா. மெழுகுவத்தி இருந்தா ஒண்ணு குடு."

எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இறங்கவில்லை என்றாலும், அப்பாவுக்கு வர வேண்டிய பிரமோஷன் வரவில்லை என்றாலும், நாங்கள் வில்லியனூர் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். சுத்தியலும் எண்ணெயும் கைவிட்ட பிறகு மாமாவும் அந்த வழிக்கே வந்துவிட்டார். ஆனால் கரெண்ட் போனால் ஏற்றுகிற அடுப்பங்கரை மெழுகுவர்த்தியைக் காட்டி மாதாவிடம் இவ்வளவு பெரிய காரியத்தைக் கேட்கலாமா? உள்ளே ஓடினேன். ஸ்டூல் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கி, தாளைப் பிரித்து எடுத்துக்கொண்டு வருவதற்குள் அம்மா மாமாவின் பக்கத்தில் போய் நின்றிருந்தாள்.

"இந்தாங்க மாமா. இது பிரான்ஸ்லேருந்து வந்தது."

"அடியேய்!" என்று அம்மா கையை ஓங்கினாள். மாமா அவளைத் தடுத்தார். கையிலிருந்த கரியைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, மெழுகுவர்த்தியை இரண்டு கையாலும் வாங்கினார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"இத வெச்சித்தான் பாப்பா கழட்டணும்" என்றார்.

நெருப்பைச் சீறி ஊதுகிற ப்ளோ லேம்பைப் பற்றவைத்து, சென்சாரைச் சுற்றி இரும்பு மங்கலாகச் சிவக்கும்வரை சூடு காட்டினார். பிறகு மெழுகுவர்த்தியைத் திரிப்பக்கமாகப் பிடித்து, அதன் அடிப்பக்கத்தை மரை ஓரத்தில் ஒற்றினார். மெழுகு உருகிப் புகைந்து, இடுக்குக்குள் ஊறி இறங்கியது. ஏற்றாத மெழுகுவர்த்திக்கு வேண்டுதல் பலிக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். மெக்கானிக்குகளுக்கு மாதா சலுகை கொடுத்திருப்பாள் என்று சமாதானம் செய்துகொண்டு, கண்ணை மூடி அருள்நிறை மரியே சொன்னேன். பாதி ஜெபத்தில் கிரீச்சென்று ஒரு சத்தம்.

"வந்துட்டான்டா!" என்று மாமா தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கார் கிளம்பியது. வாசலெங்கும் கோயில் பீடத்துக்குப் பக்கத்தில் வருமே, அதே மெழுகு வாசனை. அப்பா பானெட்டில் காதை வைத்துக் கேட்டார்.

"ஓடுதா மாப்ள?"

மாமா சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் அப்பா சாவியை மாமாவிடம் நீட்டி, "நீயே ஓட்டு" என்றார். கோயில் வாசலிலேயே போய் நின்றோம். சத்தம் துளியும் இல்லாததால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கதவை அறைந்து சாத்தி எல்லோரையும் திரும்பவைத்தேன். மெழுகுவர்த்தியின் அடியில் கறுத்துப்போயிருந்த இடத்தை அம்மா வெள்ளை ரிப்பன் சுற்றி மறைத்திருந்தாள். வரிசையில் போகும்போது அந்த ரிப்பனை மேலே தள்ளிவிட்டுக்கொண்டேன். நாலு பேர் கேட்டால்தானே சொல்ல முடியும்? பூசை முடிந்து அலுவலக நண்பர் ஒருவரிடம், "என் மச்சான் கைதான் சார்" என்று அப்பா உரக்கச் சொன்னதும் என் காதில் விழுந்தது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அம்மா, மாமா எங்கள் வீட்டில் கழற்றிப் போட்டுப் போன சனிக்கிழமைச் சட்டையை ஊறவைக்க எடுத்தாள். பையில் ஒரு மெழுகுவர்த்தி இருந்தது. எங்கள் அடுப்பங்கரை மெழுகுவர்த்திதான். சூட்டில் லேசாக வளைந்திருந்ததே தவிர, திரிகூடக் கருகாமல் முழுசாக இருந்தது.

"நீ பொட்டியத் தொறக்கறதுக்குள்ள நான் குடுத்தது" என்றாள் அம்மா. "பையிலயே வெச்சிருக்கான் பாரு." சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சோப்பு பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"இது வேலைக்கு ஆவாதுன்னு மாமாவுக்குத் தெரியும்மா" என்று விளக்கம் சொன்னேன். பாவம், அதுவும் மெழுகுவர்த்திதானே என்று தோன்றியது. எடுத்துக்கொண்டு போய், அடுத்து கரெண்ட் போகும்போது உதவட்டும் என்று அடுப்பங்கரை அலமாரியில் நானே வைத்தேன்.